மூட்டம் போட்ட நாள்கள்

கீழப்பாவூர் பார்வதியம்மாளின் மகள் சுகந்தி தொட்டிலில் கிடந்தபோதே அவளுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. பார்வதியம்மாளின் கடைசித் தம்பி பேச்சிராஜ்தான் மாப்பிள்ளை. அப்போது அவன் டவுசர் போட்டுக்கொண்டு குளத்தில் மீன் பிடித்துத் திரிந்த பையன். இருபது வருஷம் கழித்து அவனே வந்து தாலி கட்டினான். சின்னதிலிருந்தே மாமா, மாமா என்று கூப்பிட்டவனைக் கல்யாணத்துக்குப் பிறகும் சுகந்தி மாமா என்றே கூப்பிட்டாள். அவள் புதிதாகப் பழகவேண்டியது எதுவுமில்லை. பெண் கண்ணுக்கு எட்டுகிற தூரத்திலேயே இருப்பாள் என்பதில் பார்வதியம்மாளுக்குத் திருப்தி.

பேச்சிராஜ் மினி லாரி ஓட்டினான். புளியங்குடியில் எலுமிச்சை ஏற்றி, செங்கோட்டை வழியாக மலை தாண்டி, கேரளத்துச் சந்தைகளில் இறக்கிவிட்டு வருவான். வண்டி போக்குவரத்துக்குத் தோது என்று தென்காசியில் வீடு பார்த்தார்கள். சுகந்தி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகளின் ரெடிமேட் உடுப்புப் பகுதி அவளுக்கு. கவுனைக் கையில் வாங்கினாலே துணி எப்படி, தையல் எப்படி, ஜிப் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். வாய்ச் சாமர்த்தியமும் உண்டு. சண்டை போட வந்தவர்களையும் இரண்டு உடுப்பு எடுக்க வைத்து அனுப்புவாள் என்று கடையில் சொல்வார்கள்.

ஐப்பசி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. குற்றாலத்து அம்மன் பேரையே வைத்தார்கள். குழல்வாய்மொழி. கூப்பிடுவதற்குக் குழலி.

அந்த வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி சாஸ்தா கோயிலுக்குப் போனார்கள். பொட்டல் காட்டில் கோயில். பொங்கல் வைத்து, பிள்ளைக்கு முடி இறக்கி, சாப்பிட்டு எழுந்திருக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. திரும்பி வரும்போது குழலியின் முகமும் மொட்டைத் தலையும் வெந்த மாதிரிச் சிவந்திருந்தன. மறுநாள் காலையில் கொப்புளம். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலையில் படுக்க வைத்தார்கள். ஆனால் கவுன் மூடியிருந்த இடத்தில் ஒரு பொட்டுக் கொப்புளம்கூட இல்லை. சுகந்தி அதைக் கவனித்தாள். உடுப்பு விற்கிறவள், துணி எதுவரைக்கும் வந்தது என்பது அவள் கண்ணில் படாமல் போகுமா? அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மைக்கு எங்கன வரணும்னு நீ சொல்லுவியாட்டி?" என்றாள் பார்வதியம்மாள்.

இரண்டு வயதுக்குள் முகமும் கையும் புள்ளி புள்ளியாகிவிட்டன. எள்ளை வாரித் தூவின மாதிரி இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிக்கொண்டு வந்தால் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மாவின் கழுத்துக்குள் முகத்தைப் புதைக்கும். டாக்டர்கள் அலர்ஜி என்றார்கள், களிம்பு கொடுத்தார்கள். ஊரில் ஆளுக்கு ஓர் எண்ணெய் சொன்னார்கள். கடைக்கு வருகிறவர்கள் அவள் பக்கத்தில் பிள்ளையைப் பார்த்தால், பேரம் பேசுகிற வாயோடு, "பிள்ளைக்கு என்னம்மா மூஞ்சில?" என்று கேட்பார்கள். சுகந்தி சட்டென்று வேறு உடுப்பை விரித்துக் காட்டுவாள்.

ஆனியும் ஆடியும் வந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். மலையில் மேகம் இறங்கி, நாள் முழுக்க மூட்டம் போட்டு, சாரல் பூப்பூவாய் விழும். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. அந்த நாள்களில் குழலி கண்ணைத் திறப்பாள். வாசலில் போய் நின்று தெருவைப் பார்ப்பாள், ஆட்டோவை எண்ணுவாள், நாயைக் கூப்பிடுவாள். வெயில்தானே பிள்ளைக்கு ஆகவில்லை, இப்போதுதான் வெயிலே இல்லையே என்று சுகந்திக்குச் சந்தோஷம். லீவு கிடைக்கிற நாளெல்லாம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். புலியருவியில் தண்ணீர் தணிவாக விழும், பிள்ளைகள் நிற்கலாம். ஜட்டியோடு குழலியை நிறுத்துவாள். அவள் முகத்தை வானத்துக்குக் காட்டிக்கொண்டு, வாயைத் திறந்து சாரலைக் குடிப்பாள். மற்ற மாதங்களில் சிரிக்காத பிள்ளை அங்கே சிரித்த சிரிப்பைப் பார்த்து, பக்கத்தில் குளித்தவர்களும் சிரிப்பார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தோல் சிவந்து உரியும். கூட்டத்தில் யாரோ தேய்த்த எண்ணெய் பட்டிருக்கும், சோப்பு பட்டிருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அடுத்த தடவை கூட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஆற அமர, இன்னும் கொஞ்சம் கூடுதலாக நிற்க வைத்தாள்.

குழலிக்கு ஆறு வயதாகும்போது மூக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. காயும், பொருக்கு விழும், திரும்ப ரத்தம் கசியும். மூன்று மாதமாகியும் ஆறவில்லை. தென்காசியில் பார்த்துவிட்டுத் திருநெல்வேலிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே தோல் பிரிவில் அஃப்ரின் என்று ஒரு டாக்டர், சின்ன வயதுதான். குழலியைப் பார்த்ததும் எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். புண்ணிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று சுகந்தியையும் பேச்சிராஜையும் உட்கார வைத்துப் பேசினார். புண் கேன்சர். முற்றவில்லை, வெட்டி எடுத்துவிடலாம். ஆனால் அது தனியாக வந்த வியாதி இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"தாய்மாமன்" என்றாள் சுகந்தி.

டாக்டர் தலையாட்டினார். வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பேர் சொன்னார். பிறகு தன்னுடைய கைப்பையை எடுத்து மேஜைமேல் வைத்து அதன் ஜிப்பைப் பாதி இழுத்தார்.

"நம்ம தோல்ல ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் இந்த ஜிப் மாதிரி ரெண்டு இழை இருக்கு. இந்தப் பக்கத்துப் பல்லு எதிர்ப்பக்கத்துப் பல்லோடதான் ஜோடி சேரணும். அப்பத்தான் உடம்பு அதைப் படிச்சு, அது மாதிரியே இன்னொண்ணு செய்ய முடியும். வெயில்ல கண்ணுக்குத் தெரியாத கதிர் ஒண்ணு இருக்கு. புற ஊதாக் கதிர்னு பாடத்துல படிச்சிருப்பீங்க. அது பட்டதும், ஒரே பக்கத்துல அடுத்தடுத்து நிக்கிற ரெண்டு பல்லு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. தப்பு ஜோடி. டைமர்னு சொல்வோம்."

"ரெண்டு பல்லு ஒட்டிக்கிட்டா ஜிப்பு அந்த இடத்துல நின்னுரும்" என்றாள் சுகந்தி. "கட்டாயமா இழுத்தா கோணிக்கும்."

"அதேதான். கோணிக்குது. அந்தக் கோணல்தான் புண்ணா, கேன்சரா வருது."

"எங்களுக்கெல்லாம் ஒட்டாதா?"

"ஒட்டும். எனக்கு, உங்களுக்கு, தெருவுல போறவங்க எல்லாருக்கும். இப்ப வெளியில போய் நின்னா இப்பவே ஒட்டும். ஆனா நம்ம உடம்பு ஒட்டின இடத்தைத் தேடிப் பிடிச்சு, வெட்டிப் போட்டுட்டு, புதுசா தச்சிடும். பாப்பாவுக்கு அந்த வேலையைச் செய்யற பொருள் உடம்புல இல்லை. அம்மாகிட்ட இருந்து ஒரு பிரதி, அப்பாகிட்ட இருந்து ஒரு பிரதி வரணும். உங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணு நல்லது, ஒண்ணு பழுது. பாப்பாவுக்கு ரெண்டு பழுதும் சேர்ந்து வந்துருச்சு."

பேச்சிராஜ் இவ்வளவு நேரமும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஒட்டுததுக்கு எம்புட்டு நேரம் வெயில்ல நிக்கணும், டாக்டர்? கொஞ்சமா நின்னா ஒண்ணும் இல்லல்லா?"

"நேரமே வேண்டாம், அண்ணாச்சி. கண்ணை இமைக்கிறோம்ல, அதுக்குள்ள எத்தனையோ கோடி தடவை ஒட்டிடலாம். நம்மால நினைச்சுப் பார்க்க முடியாத வேகம்."

சுகந்திக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்கவேண்டாம் என்று உள்ளே ஒன்று சொன்னது. கேட்டாள்.

"மூட்டம் போட்டிருந்தா, டாக்டர்? சாரல் நேரத்துல?"

"மேகம் வெளிச்சத்தையும் சூட்டையும்தாம்மா குறைக்கும். இந்தக் கதிர்ல பாதிக்கு மேல மேகத்துக்குள்ள புகுந்து வந்துடும். வெயில் தெரியலைன்னு ஜனங்க ஏமாந்துடறாங்க."

சுகந்தி எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். புலியருவியில் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்ற பிள்ளையைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு சீசன் விடாமல் போயிருந்தாள். கையைப் பிடித்து, இங்கன நில்லு, இன்னும் கொஞ்ச நேரம் நில்லு என்று அவளேதான் நிறுத்தியிருந்தாள்.

மூக்கின் ஓரத்தைச் சிறிதாக வெட்டி எடுத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு அந்த வீடு மாறிப்போயிற்று. ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு பிலிம் ஒட்டி, அதன்மேல் கனத்த துணி போட்டார்கள். ட்யூப் லைட்டிலும் கொஞ்சம் கதிர் வரும் என்று அதைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு மாட்டினார்கள். பள்ளிக்கூடத்து ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது. துணி கட்டித் தருகிறேன் என்று சுகந்தி கேட்டுப் பார்த்தாள். வகுப்பு இருட்டாகிவிடும் என்றார்கள். ஒட்டுவியாதி என்று மற்றத் தாய்மார்கள் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றாம் வகுப்போடு குழலியின் பள்ளிக்கூடம் முடிந்தது. சுகந்தியின் கடை வேலையும் முடிந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது? நெருக்கமாக நெய்த அடர்த்தியான துணியாக இருக்கவேண்டும், பல்புக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சுகந்தி நிலோபர் அக்காவைத் தேடிப் போனாள். நிலோபர் வீட்டிலேயே மெஷின் போட்டுப் பர்தா தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். கடைக்கு வந்துபோன பழக்கம். விஷயத்தைக் கேட்டுவிட்டு நிலோபர் துணிக்கட்டுகளைக் கீழே தள்ளினாள். இரண்டு பேரும் ஒவ்வொரு துணியாகப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள்.

"இது தோதுப்படும். ஆனா மூஞ்சிய மூடினா பிள்ளைக்கு மூச்சு முட்டுமேம்மா" என்றாள் நிலோபர். கடைசியில் தொப்பியின் முன்பக்கம் வளைவாக ஒரு பிளாஸ்டிக் தகட்டைத் தைத்து, அதன்மேல் கார் கண்ணாடிக்கு ஒட்டுகிற பிலிமை ஒட்டினாள்.

கறுப்பு உடுப்போடு குழலி தெருவில் இறங்கிய முதல் நாளே எதிர்வீட்டுக்காரி, "என்ன சுகந்தி, பிள்ளைய இஸ்லாத்துல சேத்துட்டியா?" என்று கேட்டுச் சிரித்தாள். சுகந்தி இதை நிலோபரிடம் சொல்லவில்லை. எப்படியோ அவள் காதுக்குப் போயிருந்தது. அடுத்த வாரம் கருநீலத்தில் இன்னொன்று தைத்து, ஓரமெல்லாம் மஞ்சள் பூப்போட்டு அவளே கொண்டுவந்து கொடுத்தாள். குழலிக்கு அதைத்தான் பிடித்தது. சுகந்தி அன்றிலிருந்து நிலோபரிடம் பொத்தானுக்குக் காஜா எடுக்கவும் ஓரம் தைக்கவும் துணி வாங்கி, வீட்டில் உட்கார்ந்தே செய்ய ஆரம்பித்தாள்.

பேச்சிராஜ் வீட்டில் தங்குகிற நாள்கள் குறைந்தன. வந்தாலும் இருட்டுக்குள் நுழைய மனமில்லாமல் வாசலிலேயே உட்கார்ந்திருப்பான். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான்.

"மூட்டத்துலயும் வரும்னு அந்த டாக்டரம்மா சொன்னால்லா. மூட்டத்துல பிள்ளையத் தூக்கிட்டுத் தூக்கிட்டுப் போனது யாரு?"

"நாந்தான்."

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. சுகந்தி தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "அருவிக்கு நாந்தான் கூட்டிட்டுப் போனேன் மாமா. ஆனா பழுத நாம ரெண்டு பேரும் சேந்துல்லா குடுத்தோம்."

அப்போது அவள் வயிற்றில் இன்னொரு பிள்ளை இருந்தது. திருநெல்வேலிக்குப் போவதற்கு முன்பே தரித்தது, பிறகுதான் தெரிந்தது. நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார் டாக்டர் அஃப்ரின். வயிற்றில் இருக்கும்போதே பார்க்கிற சோதனைக்கு ரொம்ப தூரம் போகவேண்டும், குழலியை யாரிடம் விட்டுப் போவது? ஆண் பிள்ளையாக இருந்தால் வராது என்று பேச்சிராஜ் எங்கிருந்தோ கேட்டுவந்து நம்பினான். பார்வதியம்மாள் கீழப்பாவூர் நரசிம்மருக்கு நேர்ந்துகொண்டாள். சுகந்தி எதையும் நம்பவில்லை. நாலில் ஒன்று, நாலில் ஒன்று என்று காஜா எடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஆண் பிள்ளை பிறந்தது. பேச்சிராஜின் அப்பா பேரை, கடற்கரை என்று வைத்தார்கள். ரத்தம் எடுத்து வெளியூருக்கு அனுப்பியிருந்தது, முடிவு வர மாதமாகும். அதுவரை பையனையும் இருட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

தீட்டுக் கழிந்த மறுநாள் மத்தியானம் சுகந்தி குழலிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பையனைப் பேச்சிராஜ் தூக்கிக்கொண்டு முன்னறையில் இருப்பதாக நினைத்திருந்தாள். சத்தமே இல்லை என்று எழுந்து பார்த்தால் இரண்டு பேரையும் காணவில்லை. மொட்டைமாடிக் கதவு திறந்திருந்தது. ஓடினாள். நடு வெயிலில் ஒரு துண்டை விரித்து, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் பிள்ளையைப் படுக்க வைத்திருந்தான். பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான்.

பாய்ந்துபோய் அள்ளினாள். பிள்ளையின் முதுகு சுட்டது.

"என்ன செஞ்சிய? என்ன செஞ்சிய மாமா?"

"தெரிஞ்சிக்கிடணும்லா" என்றான். "எத்தன நாளைக்குத்தான் பாத்துக்கிட்டே இருக்க? இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும். என்னால முடியல, சுகந்தி."

அவள் அவனை அடித்தாள். முதல் தடவையாக, கையில் பிள்ளையை வைத்துக்கொண்டே, தோளிலும் தலையிலும் மாறி மாறி அடித்தாள். அவன் தடுக்கவில்லை.

பிறகு இரண்டு பேரும் பிள்ளையைச் சுற்றி உட்கார்ந்து தோலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். சாயங்காலம் லேசாகச் சிவந்த மாதிரி இருந்தது. மறுநாள் அதுவும் அடங்கிவிட்டது. அதற்கடுத்த நாளும் ஒரு கொப்புளம் இல்லை. நெய் தடவின மாதிரி வழவழவென்று தூங்கினான். பேச்சிராஜ் பிள்ளையின் காலில் முகத்தை வைத்து விம்மினான். சுகந்தி எழுந்துபோய் மொட்டைமாடிக் கதவைப் பூட்டினாள்.

"வெந்திருந்தா என்ன செஞ்சிருப்பிய?" என்று திரும்பி வந்து கேட்டாள். அவன் பிள்ளையைத் துணியால் போர்த்தினான். ரத்தச் சோதனையும் பின்னால் தோல் சொன்னதையே சொன்னது. பையனுக்கு வியாதி இல்லை.

பார்வதியம்மாள் வந்து பேரனைத் தூக்கிக்கொண்டாள். "ஏட்டி, இந்த இருட்டுக்குள்ள இவனயும் போட்டு என்ன செய்யப் போற? ஒரு பிள்ளையாது வெளிச்சத்துல வளரட்டும். நீ அவளப் பாரு, நான் இவனப் பாக்கேன்." சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் சுகந்தியால் மறுக்க முடியவில்லை. பார்வதியம்மாள் பேரனோடு கீழப்பாவூருக்குப் பஸ் ஏறினாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கனத்த நாள்களில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பீய்ச்சி ஊற்றினாள். மகன் கீழப்பாவூரில் இருந்ததால் பேச்சிராஜின் லாரியும் மெள்ள மெள்ள அங்கேயே நிற்கத் தொடங்கியது.

பொழுது இறங்கியபிறகு அம்மாவும் மகளும் எப்போதாவது பஸ் ஏறிக் கீழப்பாவூருக்குப் போவார்கள். பையன் வளர்ந்து பேச ஆரம்பித்தபோது பார்வதியம்மாளை அம்மா என்றும் சுகந்தியைத் தென்காசி அம்மா என்றும் கூப்பிட்டான். குழலியைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அவள் முகத்தில் தையல்களும் கறுத்த திட்டுகளும் கூடிப்போயிருந்தன. போகப் போகக் குழலியே, "நீ போயிட்டு வாம்மா, நான் வரல" என்று சொல்லிவிட்டாள்.

படிப்பில் அவள் நிற்கவில்லை. நிலோபரின் மகள் பழைய புத்தகங்களைக் கொடுத்தாள், மிச்சத்தைப் போனில் பார்த்தாள். ஒன்பது வயதில் ஒரு நாள் டாக்டர் அஃப்ரினிடமே கேட்டாள்:

"டாக்டர், ஒட்டுன ஜோடியப் பிரிச்சு விடவே முடியாதா? வெட்டித்தான் எடுக்கணுமா?"

டாக்டர் பொய் சொல்ல மனமில்லாமல் சொன்னார். "முடியும். சில உயிர்களுக்கு அதுக்குன்னே ஒரு பொருள் உண்டு. வெளிச்சத்தை வாங்கி, அந்த வெளிச்சத்தை வச்சே ஒட்டினதைப் பிரிச்சு விட்டுடும். செடிகொடிக்கு இருக்கு. மீனுக்கு, தவளைக்கு இருக்கு."

"நமக்கு?"

"நமக்கு இல்லை. மனுஷங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தொலைஞ்சு போச்சு."

அந்த வருஷம் சாரல் பிடித்துக் கொல்லைப்புறக் குட்டையில் தவளைகள் கத்தத் தொடங்கியபோது, குழலி கதவிடுக்கில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அதுக்கெல்லாம் இருக்காம், பாத்தியாம்மா" என்றாள். பொறாமையா, வேடிக்கையா என்று சுகந்தியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொரோனா வந்து ஊரை அடைத்தார்கள். தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. வெளியே போனவர்கள் முகத்தை மூடிக்கொண்டு போனார்கள். "இப்ப எல்லாரும் என்னய மாதிரி ஆயிட்டாங்க" என்று குழலி சிரித்தாள். அந்தச் சமயத்தில்தான் அவளுடைய இடது கண்ணின் கீழ் இமையில் ஒரு பரு மாதிரி வந்தது. அதுவரை மாதா மாதம் டாக்டரிடம் காட்டிக்கொண்டு வந்தார்கள், இப்போது பஸ் இல்லை. பேச்சிராஜ் லாரியில் கூட்டிப்போக முயன்றான். பெரிய ஆஸ்பத்திரி முழுக்கக் கொரோனா வார்டு, அவசரமில்லாதவர்கள் வரவேண்டாம் என்று வாசலிலேயே திருப்பினார்கள். டாக்டர் அஃப்ரினும் கொரோனா வேலைக்குப் போயிருந்தார். போனில் படம் அனுப்பினார்கள். உடனே எடுக்கவேண்டும் என்றார். அறுவை நடக்கிற அறை மறுபடி திறந்தபோது பரு கண்ணுக்குள் இறங்கியிருந்தது. கண்ணை எடுக்கவேண்டி வந்தது. எடுத்தும் நிற்கவில்லை. அடுத்த வருஷம் காதுக்குக் கீழே கட்டி வந்தது. அதற்குப் பிறகு வலிக்கு மருந்து கொடுப்பதைத்தான் பேசினார்கள்.

கடைசி வாரங்களில் பேச்சிராஜ் வண்டியை விட்டுவிட்டு வந்து இருட்டு வீட்டிலேயே கிடந்தான். குழலிக்குக் கேரளத்து மலை ரோட்டைப் பற்றிச் சொல்வான். எத்தனாவது வளைவில் எந்தக் கடை, எங்கே யானை நிற்கும் என்று. அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒருநாள் விடிகிற நேரத்தில் அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கேட்பது நின்றுவிட்டது. பன்னிரண்டு வயது நிறையவில்லை.

சொந்தக்காரர்கள் வந்து மத்தியானத்துக்குள் எடுத்துவிடவேண்டும் என்று அவசரப்பட்டார்கள். பாடை கட்டியாயிற்று. வெளியே வெயில் பொசுக்கிக்கொண்டிருந்தது. சுகந்தி எழுந்து, "பொழுது இறங்கட்டும். இப்பம் வேண்டாம்" என்றாள்.

"இனி என்னட்டி அவளுக்கு வெயிலு?" என்று பார்வதியம்மாள் மகளைக் கட்டிப் பிடித்து அழுதாள். ஆண்கள் உள்ளே வரக் காலெடுத்து வைத்தார்கள்.

பேச்சிராஜ் வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்தான். "இருட்டட்டும்" என்றான். "அதுவரைக்கும் எவனும் தூக்கக் கூடாது."

யாரும் தூக்கவில்லை. விளக்கு வைத்தபிறகுதான் குழலியை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சுகந்தி மறுபடி ஜவுளிக்கடைக்குப் போகிறாள். பிள்ளைகள் பகுதி வேண்டாம் என்று கேட்டுப் போர்வை, ஜமுக்காளம் பக்கம் மாற்றி வாங்கிக்கொண்டாள். கீழப்பாவூரிலேயே வந்து இரு என்று பேச்சிராஜ் கூப்பிட்டான். போய்விட்டாள். இருட்டு வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டார்கள். அம்மா வீட்டில் ஜன்னலெல்லாம் விரியத் திறந்து கிடக்கும். முதல் வாரம் முழுக்க அவளுக்குக் கண் கூசியது. மகன் மத்தியானத்தில் சட்டை இல்லாமல் தெருவில் ஓடினால் வாசல்வரை எழுந்துபோவாள். கூப்பிட வாயெடுத்து, அம்மா பார்க்கிறாள் என்று அடக்கிக்கொள்வாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகன் கடற்கரை கையில் பந்தோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"தென்காசி அம்மா, அக்கா மூஞ்சி நெசமா எப்படி இருக்கும்? அந்தப் புள்ளியெல்லாம் இல்லன்னா?"

சுகந்தி அவனைப் பார்த்தாள். அந்தப் புருவம், அந்த மோவாய், மேலுதட்டில் அந்த வளைவு.

"ஒன்னய மாதிரியேதாம்லே இருப்பா" என்றாள்.

அவன் முகம் சுண்டிப்போயிற்று. கையால் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பொய் சொல்லுதிய" என்று சொல்லிவிட்டுப் பந்தைத் தரையில் அடித்துக்கொண்டே தெருவுக்கு ஓடிவிட்டான்.

சுகந்தி கீரையை ஆய்ந்து முடித்து, தண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.